வழித்துணை

தமிழில் 'வழித்துணை' என்று ஒரு சொல் உண்டு. நட்பு, கேண்மை, தோழமை, உறவு என எத்தனையோ சொற்கள் இருக்க, வழியில் உடன் வருபவருக்கென்றே தனியாக ஒரு சொல்லை நம் முன்னோர் ஆக்கி வைத்திருக்கிறார்கள். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில், பாலாற்றங்கரையில் உள்ள கோயிலில் இறைவனுக்கே அந்தப் பெயர்தான், அவர் வழித்துணைநாதர். என் பாட்டி வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வாழ வந்தவர். வீட்டிலிருந்து யார் வெளியூர் புறப்பட்டாலும், "வழித்துணைக்கு ஆள் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாசல் வரை வருவார். காடும் களவும் நிறைந்த காலத்துக் கேள்வி அது. மின்விளக்கும் ரெயிலும் வந்துவிட்ட இந்நாளில் அதற்குப் பொருள் உண்டா என்று நண்பர்கள் கேட்கலாம். உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தங்கவயலில் ஸ்கெலட்டன் எங்கள் குடியிருப்பு. பெயரைக் கேட்டதும் ஆங்கிலம் அறிந்தவர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள். எங்களுக்கு அது பிறந்த மண்ணின் பெயர், அவ்வளவே. எங்கள் பிள்ளைப் பருவத்து மலைகள் இயற்கை படைத்தவை அல்ல. தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைத்த மண்ணை நூறாண்டுக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி மனிதன் எழுப்பிய குவியல்கள். சயனைட் மலை என்போம். காற்றடிக்கும் காலத்தில் அம்மலை தூளாகி எங்கள் சமையலறைக்கே வந்துவிடும்.

மலை மேலே இருந்தது; வாழ்வு கீழே இருந்தது. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880ஆம் ஆண்டு பொறுப்பேற்றுத் தோண்டத் தொடங்கிய வயல் அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் மேல். என் தந்தையாரும் என் நண்பனின் தந்தையாரும் அங்கே ஒரே ஷிப்டில் இறங்கி, ஒரே துளைப்பொறியில் வேலை செய்தவர்கள். நாங்கள் இருவரும் சுரங்கம் மூடியபின் பிறந்தவர்கள். அந்த ஆழத்தைக் கதையாகக் கேட்டிருக்கிறோமேயன்றிக் கண்டதில்லை.

நான் பல்கலைக்கழகத்திற்கு வந்தேன். நண்பன் பி.யு.சி. முடித்ததும் வேலைக்குப் போனான். சுரங்கம் போனபின் தங்கவயலில் ஆயிரக்கணக்கானோருக்கு வாய்த்த வாழ்க்கை அவனுக்கும் வாய்த்தது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ரெயிலேறிப் பெங்களூர் போவான். விளக்கு வைத்து நெடுநேரம் கழித்து வீடு திரும்புவான். ஞாயிறு ஒன்றுதான் அவன் வெயிலில் ஊரைப் பார்க்கும் நாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சயனைட் மலையடியில் உட்கார்ந்திருந்தபோது அவன்தான் கேட்டான்.

"நம்ம அப்பாங்க மூணு கிலோமீட்டர் கீழ போனாங்க இல்ல? நாம மூணு கிலோமீட்டர் மேல போய்ப் பார்க்கலாமாடா?"

சிரிப்பாகத் தொடங்கிய பேச்சு, ஆனால் விடவில்லை. மேற்கு வங்காளத்தில் தார்ஜீலிங் மாவட்டத்தின் ஓரத்தில், இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் நடுவே சிங்காலிலா என்னும் மலைத்தொடர் ஓடுகிறது. அதன் முதுகில் சந்தக்பூ என்னும் இடம். 3,636 மீட்டர் உயரம். அம்மாநிலத்திலேயே மிக உயர்ந்த இடம் அதுதான். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகிய நான்கை அங்கிருந்து ஒருசேரக் காணலாம். அங்கிருந்து 21 கிலோமீட்டர் நடந்தால் பாலுட்; வங்காளமும் சிக்கிமும் நேபாளமும் சந்திக்கும் முனைக்கு அருகில் உள்ளது. மானேபஞ்சன் என்னும் சிற்றூரில் தொடங்கி, சந்தக்பூ, பாலுட் இரண்டையும் கண்டு, மறுபுறம் இறங்கி வர ஏழு நாள். கூடாரம் சுமக்க வேண்டியதில்லை. வழியில் தங்கும் விடுதிகள் உண்டு. எங்கள் பணத்துக்கும் அவன் விடுப்புக்கும் அது பொருந்தியது. ஓராண்டாக ஒரு நாள்கூட எடுக்காமல் சேர்த்த விடுப்பு அது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம் ஆயத்தம் செய்தோம். கோலாருக்கு அருகே அந்தரகங்கை மலை இருக்கிறதல்லவா? பாறையும் குகையுமான அம்மலையில் முதுகுப்பைக்குள் செங்கல் வைத்துச் சுமந்து ஏறினோம். அதைவிடக் கடினமான பாடம், பயணத்திற்கு மூட்டை கட்டியபோது கிடைத்தது. ஆளுக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினோம். இருவருக்கும் தனித்தனியே வேண்டியவை எவை, இருவருக்குமாக ஒன்று போதுமானவை எவை என்று பிரித்தோம். போர்வையும் கம்பளிச் சட்டையும் தனித்தனி. பற்பசை ஒன்று, மருந்துப்பை ஒன்று, தண்ணீரைத் தூய்மையாக்கும் மாத்திரை ஒரு புட்டி, என் தாயார் இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி ஒரு டப்பா. பொது என்று ஒதுக்கியவற்றை எடை பார்த்துச் சரிபாதியாகச் சுமந்தோம். பத்தாண்டுப் பழக்கத்தில் அறியாத ஒன்றை அன்று அறிந்தேன். அவன் தன் பங்கு சற்றுக் கூடுதலாக இருப்பதையே விரும்புகிறவன். நான் பார்க்காத நேரத்தில் மருந்துப்பையையும் தன் மூட்டைக்கு மாற்றிக் கொண்டான்.

சென்ற ஆண்டு டிசம்பரில், என் பருவத் தேர்வு முடிந்ததும் புறப்பட்டோம். பெங்களூரிலிருந்து நியூ ஜல்பாய்குரிக்கு இரண்டு நாள் ரெயில். அங்கிருந்து ஜீப்பில் மானேபஞ்சன். கடல்மட்டத்தை ஒட்டிய சமவெளியில் காலையில் இருந்தவர்கள் மாலையில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தோம். அங்கிருந்து வழிகாட்டி ஒருவரின்றிச் சிங்காலிலா தேசியப் பூங்காவுக்குள் போக முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பதைத் தாண்டிய நேபாளி. அவருக்குத் தெரிந்த இந்தியும் எங்களுக்குத் தெரிந்த இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன. அவர் அடிக்கடி சொன்ன ஒரே சொல் 'பிஸ்தாரை' என்பது. மெதுவாக என்று பொருள்.

அந்தச் சொல்லால்தான் முதல் நாளே எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. மானேபஞ்சனை விட்டதும் சித்ரே வரை செங்குத்தான ஏற்றம். நண்பன் விரைந்து ஏறுபவன். நான் மூச்சு வாங்கி நின்று ஏறுபவன். அவன் முன்னே போய் ஒரு திருப்பத்தில் காத்திருப்பான். நான் போய்ச் சேர்ந்ததும், இளைப்பாறிவிட்ட அவன் எழுந்து மறுபடி நடப்பான். எனக்கோ அப்போதுதான் உட்காரத் தோன்றும். இப்படி நான்கு முறை நடந்தபின் ஐந்தாம் முறை நான் எழ மறுத்தேன். அவன், "டேய், வாடா, இருட்டிடும்" என்றான். "உனக்கு மட்டும் ஓய்வா?" என்றேன் நான். வழிகாட்டி இருவரையும் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னை முன்னே நிறுத்தினார். அவனைப் பின்னே நிறுத்தினார். மெல்ல நடப்பவன் முன்னே சென்றால் இருவரும் சேர்ந்தே இருப்பார்கள் என்றார். மலை நாட்டில் எவ்வளவு எளிய நீதி! நம் நாட்டில் வேகமானவனைத்தானே முன்னே விடுகிறோம்! பள்ளியிலும், அலுவலகத்திலும், வாழ்விலும் அப்படித்தானே! பின்தங்கியவன் எங்கே இருக்கிறான் என்பது முன்னே போகிறவனுக்குத் தெரிவதே இல்லை.

மேகம் கவிந்த மேக்மாவைக் கடந்து, முதல் இரவு டும்லிங்கில் தங்கினோம். ஏறத்தாழ 2,970 மீட்டர். அது நேபாள மண். அந்தப் பாதை இந்தியாவிலும் நேபாளத்திலும் மாறி மாறிச் செல்வது. ஓரிடத்தில் இடக்கால் அயல்நாட்டிலும் வலக்கால் தாய்நாட்டிலும் நடந்தோம்! எல்லையைக் காட்ட அங்கங்கே ஒரு கல் நிற்கிறது. கல்லைத் தவிர வேறு எதுவும் இரு நாட்டையும் பிரிக்கவில்லை. புல் ஒன்று, பனி ஒன்று, அடுப்படியில் உட்காரச் சொல்லும் மக்களின் முகமும் ஒன்று.

இரண்டாம் நாள் கைரிபாஸ் வரை இறக்கம். பிறகு காளிபோக்ரி வரை ஏற்றம். ஏறிய உயரத்தில் முந்நூறு மீட்டருக்கு மேல் இழந்து, அதை மறுபடி சம்பாதிக்க வேண்டும். அன்று முழுதும் நாங்கள் பேசியது மிகக் குறைவு. முதல் நாளின் மௌனத்தில் கோபம் இருந்தது. இந்த மௌனத்தில் அது இல்லை. அவன் தண்ணீருக்குக் கை நீட்டுமுன் நான் புட்டியை எடுத்திருப்பேன். என் பையின் வார் தளர்ந்தால் பின்னால் வருபவன் கை அதை இறுக்கியிருக்கும். சுரங்கத்தில் துளைப்பொறியின் இரைச்சலில் பேச முடியாது, கையும் விளக்குமே பேசும் என்று என் தந்தையார் சொன்னது நினைவுக்கு வந்தது. இருவர் சேர்ந்து உடலால் உழைக்கும்போது ஒரு மொழி பிறக்கிறது. அது வகுப்பறையில் பிறப்பதில்லை.

மூன்றாம் நாள் காளிபோக்ரியிலிருந்து சந்தக்பூ 6 கிலோமீட்டர்தான். வழியில் பிக்கேபஞ்சாங் என்னும் இடம். நஞ்சுச் செடிகள் விளைவதால் நச்சுப் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர். அதன்பின் இறுதி ஏற்றம் மிகக் கடுமை. அன்றும் நான் முன்னே, அவன் பின்னே. நின்ற இடத்திலெல்லாம், "எப்படிடா இருக்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லடா, நட" என்று ஒவ்வொரு முறையும் விடை வந்தது. பிற்பகலில் உச்சியை அடைந்தோம். அப்பாங்களுக்குச் சமமாகிவிட்டோம் என்று சொல்லிக் கைகுலுக்கினான். கை குளிர்ந்திருந்தது. டிசம்பரில் யார் கைதான் குளிராது!

இரவு உணவை அவன் தொடவில்லை. களைப்பு என்றான். நள்ளிரவுக்குப் பின் ஓசை கேட்டு விழித்தேன். அவன் வெளியே உறைபனியில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. தலையைப் பிளக்கிறது என்றான். எப்போதிருந்து என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "டும்லிங்லேர்ந்து" என்றான்.

இரண்டு நாள்! இரண்டு நாளாகத் தலைவலியோடு நடந்திருக்கிறான். நான் கேட்ட ஒவ்வொரு முறையும் மறைத்திருக்கிறான்.

அந்த நோய் என்ன என்பதை நண்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் விரைவாக ஏறும் எவருக்கும் அது வரலாம். அங்கே காற்று மெலிந்தது. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். உடல் அதற்குப் பழகச் சில நாள் வேண்டும். பழகுமுன் ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை எல்லாம் வரும். உடல் வலிமை இதற்குக் காப்பு அல்ல. வலியவன் விரைந்து ஏறுவதால் அவனுக்கே முதலில் வருவதும் உண்டு. அதைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிருக்கே கேடாகும். 3,000 மீட்டருக்கு மேல், ஓரிரவு படுத்த இடத்தைவிட மறு இரவு 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்கக் கூடாது என்பது பொதுவிதி. நோய் வந்தபின் விதி இன்னும் எளியது. மேலே போகாதே, குறையவில்லையானால் கீழே இறங்கு.

வழிகாட்டியை எழுப்பினேன். அவர் நண்பனை ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதியை மற்றொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தான். மூளை தாக்குண்டிருந்தால் அப்படி நடக்க முடியாதாம். விடியட்டும் என்றார். வெந்நீர் கொடுத்து, அவனை உட்கார்த்தி வைத்து, விடியும் வரை நானும் உட்கார்ந்திருந்தேன். மணிக்கு ஒருமுறை பேர் கேட்டேன், ஊர் கேட்டேன். "ஸ்கெலட்டன்" என்று அவன் சரியாகச் சொன்ன போதெல்லாம் எனக்கு உயிர் வந்தது.

விடிந்தது. கதவைத் திறந்தேன். அந்தக் காட்சியை எழுத என் தமிழ் போதாது. 8,586 மீட்டர் உயர்ந்த கஞ்சன்ஜங்கா முதலில் செம்பொன்னாகி, பின் வெண்பொன்னாகி எழுந்து நின்றது. அதன் அருகே கும்பகர்ணன் என்னும் சிகரம். ஆம், நம் இராமாயணத்துக் கும்பகர்ணனின் பெயர்தான். அத்தொடர் முழுவதும் சேர்ந்து படுத்துறங்கும் புத்தரைப் போலத் தோன்றுவதால் 'உறங்கும் புத்தர்' என்கிறார்கள். மேற்கே தொலைவில் எவரெஸ்ட். மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. பாலுட் போகும் பாதை புல்வெளியின்மேல் வெயிலில் தெளிவாகக் கிடந்தது.

நண்பன் போர்வையோடு வெளியே வந்து அதைப் பார்த்தான். தலைவலி குறையவில்லை. ஆயினும், "போலாம்டா. நடந்தா சரியாயிடும்" என்றான். வழிகாட்டி தலையசைத்தார். பாலுட் வரை 21 கிலோமீட்டரும் அதே உயரத்தில்தான். நடுவழியில் நோய் முற்றினால் விரைந்து இறங்க இடமில்லை. மறுபுறம், குர்தும் என்னும் சிற்றூருக்குச் சந்தக்பூவிலிருந்து காட்டு வழி ஒன்று நேரே இறங்குகிறது. அவ்வழியில் சில மணி நேரத்திலேயே ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடலாம் என்றார்.

"அப்ப நீ பாலுட் போ. நான் இங்கேயே இருக்கேன்" என்றான் நண்பன். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்: "ஒரு வருஷம் சேர்த்த லீவுடா. என்னால நீயும் ஏன் திரும்பணும்? அதான் சொல்லல."

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. பாலுட் போனதற்காக வந்த கோபம் அன்று. எனக்காக என்று சொல்லி, என்னை இரண்டு நாள் இருட்டில் நடக்க வைத்துவிட்டானே என்று வந்த கோபம். ஆனால் கோபத்தால் யாரையும் மலையிலிருந்து இறக்க முடியாது. ஆகவே எங்கள் வீடுகளில் இருவரும் கேட்டு வளர்ந்த ஒரு கதையை அவனுக்கு நினைவூட்டினேன்.

ஒருநாள் அவன் தந்தையார் காய்ச்சலோடு சுரங்கத்தில் இறங்கினார். கூலி போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆழத்தில், துளைப்பொறியைப் பற்றிய கை நழுவுவதை என் தந்தையார் கண்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தாமும் வேலையை விட்டு, அவரைக் கூண்டில் ஏற்றித் தாமே மேலே கொண்டு வந்தார். அன்றைய கூலி இருவருக்கும் போயிற்று. மேலே வந்ததும் என் தந்தையார் ஒன்றே ஒன்று சொன்னாராம்: "உன் காய்ச்சல் உன்னுது மட்டும் இல்லப்பா. உன் கை நழுவினா என் தலையில விழும்." அங்கே பாறை திடீரென வெடித்துச் சிதறும். 'ராக்பர்ஸ்ட்' என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கீழே வெடித்தால் மேலே வீடுகள் அதிரும். அப்படிப்பட்ட இடத்தில் பக்கத்தில் நிற்பவனின் உடல்நிலை தன் உயிரின் ஒரு பகுதி. வேலை தொடங்குமுன் மேற்பாறையை இரும்புக் கோலால் தட்டி ஓசை கேட்பார்கள். கெட்டியான ஓசை வந்தால் நிற்கலாம். பொள்ளென்று ஒலித்தால் விலக வேண்டும். மனிதனைத் தட்டிப் பார்க்கக் கோல் இல்லை. அவனேதான் சொல்ல வேண்டும்.

"அன்னைக்கு உங்கப்பா மேல வந்தாரு இல்ல? அதே மாதிரி இன்னைக்கு நாம கீழ போறோம், அவ்ளோதான்" என்றேன்.

அவன் நெடுநேரம் கஞ்சன்ஜங்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போய்த் தன் பையைக் கட்டத் தொடங்கினான். மருந்துப்பையை எடுத்து என்னிடம் நீட்டினான். அந்த ஒரு செயல் போதும் எனக்கு. பத்தாண்டு நட்பில், தன் சுமையில் ஒரு பகுதியை அவனாக என்னிடம் கொடுத்தது அதுவே முதல் முறை.

இறங்கினோம். ஊசியிலைக் காடு, பிறகு மூங்கில், பிறகு ஈரப்பாசி படர்ந்த பெருமரங்கள். இறங்க இறங்கக் காற்று கனத்து வருவதை அவன் முகத்தில் பார்க்க முடிந்தது. பாதி வழியில் தண்ணீர் கேட்டான். முக்கால் வழியில் பருப்புப்பொடி கேட்டான்! குர்துமில் சோற்றைப் பிசைந்து உண்டபோது தலைவலி ஏறத்தாழ நின்றுவிட்டது. மருந்தால் அன்று, இறங்கியதால். எங்கள் தந்தையருக்குக் கேடு வந்தால் காப்பு மேலே இருந்தது. எங்களுக்குக் கீழே இருந்தது. எத்திசையாயினும் உடன் வர ஒருவன் வேண்டியிருந்தது.

அன்று குர்துமில் இருவரும் ஒரு விதி செய்துகொண்டோம். இனிமேல் "எப்படி இருக்கே?" என்று கேட்பதில்லை. அக்கேள்விக்குத் தமிழனிடம் ஒரே விடைதான் உண்டு. நல்லா இருக்கேன் என்பான். நின்ற இடத்திலெல்லாம் மூன்று கேள்விகள்: தலை வலிக்கிறதா, பசிக்கிறதா, கடைசியாகத் தண்ணீர் குடித்தது எப்போது? கேட்பவனுக்கு இருக்கும் அதே கடமை சொல்பவனுக்கும் உண்டு. துணை என்றால் பிறர் சுமையைத் தாங்குவது என்று நூல்களெல்லாம் சொல்கின்றன. அது பாதியே. தன் சுமை இன்னது என்று மறைக்காமல் சொல்வது மற்றப் பாதி. முதற்பாதியைச் செய்ய நல்ல உள்ளம் போதும். இரண்டாம் பாதிக்குத் துணிவு வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இன்னும் அரிது. பிறருக்குத் தொல்லையாகக் கூடாது என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

ஸ்ரீகோலாவில் நடை முடிந்தது. பாலுட்டுக்கென்று வைத்திருந்த இரண்டு நாள் கையில் இருந்தது. தார்ஜீலிங் சென்றோம். அங்கே 1954இல் தொடங்கிய இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. டென்சிங் நார்கே அதன் முதல் களப்பயிற்சி இயக்குநர்; அவர் சிலை அங்கே நிற்கிறது. அந்தச் சிலையின்கீழ் நின்றபோது, 1953 மே 29இல் எவரெஸ்டை வென்ற கதையைவிட, அதற்கு முந்தின ஆண்டுக் கதையே எங்கள் நெஞ்சில் நின்றது.

1952இல் சுவிட்சர்லாந்துக் குழுவோடு டென்சிங் எவரெஸ்டுக்குச் சென்றார். அவருக்குத் துணை ரேமண்ட் லம்பேர். ஒருவர் மொழி மற்றவருக்குச் சில சொற்களே தெரியும். 8,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவு, படுக்கைப் பையும் அடுப்பும் இல்லாமல் ஒரே கூடாரத்தில் கழித்தார்கள். உறங்கினால் உறைந்துபோவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டித் தேய்த்து விழித்திருந்தார்கள். மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கிக் குடித்தார்கள். மறுநாள் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை ஏறினார்கள். அதுவரை எந்த மனிதனும் எட்டியதாக உறுதிப்படாத உயரம். சிகரம் தெரிந்தது, இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். மறு ஆண்டு ஹில்லரியோடு உச்சியில் நின்றபோது டென்சிங்கின் கழுத்தில் இருந்தது லம்பேர் கொடுத்த சிவப்புக் கழுத்துத்துணி.

உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகம் அவ்விருவரையும் துளைத்தெடுத்தது. சேர்ந்து அடைந்தோம் என்றே இருவரும் சொல்லி வந்தார்கள். 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், ஹில்லரி ஓரடி முன்னே சென்றார் என்று டென்சிங்கே எழுதி அப்பேச்சுக்கு முடிவு கட்டினார். அதே ஆண்டு மே 25இல் கஞ்சன்ஜங்காவை முதன்முதலாக ஏறிய ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்னும் இருவரும், சிக்கிம் மக்கள் தெய்வமாகப் போற்றும் அம்மலையின் உச்சியை மிதிப்பதில்லை என்று கொடுத்த வாக்கின்படி சில அடி கீழேயே நின்றுவிட்டார்கள். நின்ற இடத்தால் அவர்கள் பெருமை குறைந்ததா?

மலைவழிக்குத் துணை சொல்லும் மரபு நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்து நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் பாட்டு. பரிசிலின் பெருமையைப் பாடுவதோடு அது நிற்கவில்லை. வழியில் எங்கே வழுக்கும், எங்கே குழி இருக்கும், எங்கே காத்து நடக்க வேண்டும் என்றெல்லாம் விரித்துச் சொல்கிறது. முன்னே போனவன் பின்னே வருபவனுக்கு இடரை மறைக்காமல் சொல்வதே ஆற்றுப்படை.

மாணவத் தோழர்களே! விடுமுறையில் மலைக்குப் போங்கள். பணம் இல்லையென்றால் அருகில் உள்ள குன்றுக்குப் போங்கள். தனியே போகாதீர்கள், ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். மெல்ல நடப்பவரை முன்னே விடுங்கள். பொதுச் சுமையை எடை பார்த்துப் பிரியுங்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். விடுதியில் உடன் தங்கும் நண்பன் மூன்று நாளாகச் சரியாக உண்ணவில்லை என்றால், 'ஒண்ணும் இல்லை' என்ற விடையோடு விட்டுவிடாதீர்கள். மலையில் மட்டுமா மூச்சு முட்டுகிறது?

பாலுட்டை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. நண்பன் மறுபடியும் விடுப்பைச் சேர்க்கத் தொடங்கிவிட்டான். இம்முறை டும்லிங்கில் ஒருநாள் கூடுதலாகத் தங்குவது என்று தீர்மானம். மருந்துப்பை என் பங்கு. பருப்புப்பொடி அவன் பங்கு.